பாய்மத்துக்கும் மீட்சித் திண்மத்துக்கும் எந்த மாறுபாட்டு வடிவம்? தேர்வுக்கு முன் ஓர் ஒப்பீடு

பாய்மத்தின் ஓட்டத்தையோ மீட்சித் திண்மத்தின் உருமாற்றத்தையோ கணக்கிடத் தொடங்குபவர்களில் பலர், ஒரு முடிவை எடுக்கிறோம் என்று உணராமலேயே அதை எடுத்துவிடுகின்றனர். சமன்பாடுகளை எந்த வடிவில் எழுதித் தொடங்குவது என்பதே அந்த முடிவு. ஒரு சிறு கன அளவைக் கற்பனையில் வரைந்து, அதற்குள் புகும் நிறை, உந்தம், ஆற்றல் ஆகியவற்றுக்கும் அதிலிருந்து வெளியேறுபவற்றுக்கும் கணக்குப் பார்த்து, வகைக்கெழுச் சமன்பாடுகளை அடைவது ஒரு வழி. 1757ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்லரின் பாய்மச் சமன்பாடுகள் இவ்வழியைச் சேர்ந்தவை. முழு அமைப்புக்கும் ஒரே ஓர் எண்ணை, அதாவது இயக்க ஆற்றலிலிருந்து நிலை ஆற்றலைக் கழித்துக் காலத்தின் மீது கூட்டிப் பெறும் செயல்தொகையை எழுதி, இயக்கத்தைச் சற்றே மாற்றிப் பார்த்தாலும் அந்த எண் முதல் வரிசையில் மாறக் கூடாது என்று கோருவது மற்றொரு வழி. இதற்கு 1788இல் லக்ராஞ்சு அடித்தளமிட்டார். 1834, 1835ஆம் ஆண்டுகளில் ஹாமில்டன் இன்று நாம் அறியும் வடிவத்தைத் தந்தார். மாறுபாட்டுத் தத்துவம் என்ற இந்த இரண்டாம் வழிக்குள்ளும் பல கிளைகள் இருப்பதால், தேர்வு இரண்டுக்கு இடையில் மட்டும் நடப்பதில்லை.

இவ்வழிகள் எல்லாம் இறுதியில் ஒரே சமன்பாடுகளுக்குத்தான் கொண்டு சேர்க்கின்றன என்றால் தேர்வு எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. கிடைத்த சமன்பாடுகளை உள்ளபடியே தீர்க்க முடியுமானால் தேர்வு உண்மையிலேயே சுவை சார்ந்ததாக மட்டும் இருந்திருக்கும். ஆனால் யாரும் அவற்றை உள்ளபடியே தீர்ப்பதில்லை. சிறிய உறுப்புகளைத் துறக்கிறோம், ஆழத்தின் மீது சராசரி எடுக்கிறோம், புலத்தை வலைக்கண்களாக வெட்டுகிறோம், காலத்தைத் துண்டுகளாக்குகிறோம். வழிகள் பிரிவது இந்தத் தோராயங்களின்போதுதான். 1918இல் எம்மி நோதர் நிறுவிய தேற்றத்தின்படி, செயல்தொகையை மாற்றாமல் விடும் ஒவ்வொரு தொடர்ச்சியான உருமாற்றக் குடும்பத்துக்கும் ஒரு மாறாக் கணியம் உண்டு: கால நகர்வுக்கு ஆற்றல், இட நகர்வுக்கு உந்தம், சுழற்சிக்குக் கோண உந்தம். ஆகவே தோராயத்தைச் செயல்தொகைக்கு உள்ளேயே செய்து, அதன் சமச்சீர்மை கெடாமல் பார்த்துக்கொண்டால், தோராய மாதிரிக்கும் தனக்கே உரிய மாறாக் கணியம் பிழையின்றிக் கிடைத்துவிடும். சமன்பாட்டில் இங்கொரு உறுப்பையும் அங்கொரு உறுப்பையும் வெட்டுபவருக்கு அத்தகைய உறுதி எதுவும் இல்லை. அவர் வெட்டி முடித்த பிறகுதான் ஆற்றல் காக்கப்படுகிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். எனவே தேர்வுக்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, நம் சிக்கலில் எந்த மாறாக் கணியத்தை இழந்தால் விடையே பொருளற்றுப் போகும் என்பதுதான். கீழே வரும் ஒப்பீடு முழுவதையும் இந்தக் கேள்வியைக் கொண்டே அளந்திருக்கிறேன்.

முதலில், மேலே சொன்ன முதல் வழியான சமநிலை விதிகளின் தரப்பைச் சொல்லிவிடுவது நியாயம். பாகியல் (பாய்மத்தின் உள் உராய்வு), வெப்பக் கடத்தல், நிலையான உருமாற்றம், வேதி வினை என எதைச் சேர்த்தாலும் அவை ஏற்கும். ஆற்றல் சார்பு ஒன்று இருந்தாக வேண்டும் என்று அடம்பிடிப்பதில்லை. அதிர்வலையின் முகப்பில் திசைவேகமும் அழுத்தமும் திடீரெனத் தாவுகின்றன, என்ட்ரோபி என்ற ஒழுங்கின்மை அளவு உயர்கிறது. வழுவழுப்பான இயக்கங்களையே ஒப்பிடும் செயல்தொகை அங்கே பேச்சிழந்துவிடும்போது, தொகையீட்டு வடிவில் எழுதிய நிறை, உந்த, ஆற்றல் சமநிலைகள் தாவலின் அளவைத் தயக்கமின்றிச் சொல்லிவிடுகின்றன. அதிர்வலைகள் நிறைந்த ஓட்டமே உங்கள் சிக்கல் என்றால் இந்த ஒப்பீட்டின் எஞ்சிய பகுதி உங்களுக்குப் பெரிதும் தேவைப்படாது.

ஆனால் சமநிலை விதிகள் மட்டும் எதைச் சொல்லாமல் விடுகின்றன என்பதற்கு மீட்சியியலின் வரலாற்றிலேயே தெளிவான எடுத்துக்காட்டு உண்டு. சிறு உருமாற்றங்களில் தகைவின் (ஓரலகுப் பரப்பில் செயல்படும் உள்விசையின்) 6 கூறுகளும் திரிபின் (சார்பு உருமாற்றத்தின்) 6 கூறுகளும் நேர்கோட்டு உறவில் இருந்தால், மிகப் பொதுவான பொருளுக்கு 36 மாறிலிகள் தேவை. உந்தச் சமநிலையும் கோண உந்தச் சமநிலையும் அந்த எண்ணிக்கையைக் குறைக்க உதவுவதில்லை. தகைவு ஒரு சேமிப்பாற்றலிலிருந்து வருகிறது என்று 1839இல் வெளியான தம் கட்டுரையில் ஜார்ஜ் கிரீன் எடுத்துக்கொண்டபோது, அந்த ஒரே எடுகோளால் மாறிலிகளின் அட்டவணை சமச்சீராகி 36 என்பது 21 ஆயிற்று. அதன்மீது பொருளின் சமச்சீர்மையைச் சுமத்தினால், கனசதுரப் படிகத்துக்கு 3 மாறிலிகளும் எல்லாத் திசைகளிலும் ஒரே பண்புள்ள பொருளுக்கு 2 மாறிலிகளும் போதும். அந்த 15 மாறிலிகளும் ஆய்வகத்தில் அளக்கப்படாமலேயே நீங்கியவை; ஆற்றல் சார்பு இருக்கிறது என்ற கூற்றிலேயே அவை அடங்கியிருந்தன.

துகளின் பெயரை நினைவில் வைப்பதும் மறப்பதும்

பாய்மத்தையும் திண்மத்தையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிட வேண்டுமானால், ஒவ்வொரு துகளுக்கும் ஒரு பெயரிட்டு, பெயரிலிருந்து தற்போதைய இடத்துக்குச் செல்லும் படமாக இயக்கத்தைப் பார்ப்பதே சிறந்த தொடக்கம். இந்தப் பார்வையில் இரண்டுக்கும் செயல்தொகை ஒன்றே: துகள்களின் இயக்க ஆற்றலைக் கூட்டி, உள்ளாற்றலைக் கழிக்க வேண்டும். வேறுபாடு உள்ளாற்றல் எதைச் சார்ந்திருக்கிறது என்பதில் மட்டுமே இருக்கிறது. திண்மத்தின் ஆற்றல், துகளைச் சுற்றியுள்ள சிறு பகுதி எந்தத் திசையில் எவ்வளவு நீண்டது, எவ்வளவு சாய்ந்தது என்பதை எல்லாம் கவனிக்கிறது. பாய்மத்தின் ஆற்றலோ, என்ட்ரோபியை விட்டால், அந்தப் பகுதியின் கன அளவை மட்டுமே கவனிக்கிறது. நீரைக் கலக்கி மீண்டும் அமைதியடைய விட்டால், எந்தத் துளி முன்பு எங்கே இருந்தது என்பதன் தடயம் அதன் நிலை ஆற்றலில் எங்கும் இருக்காது. இரப்பர் துண்டு ஒன்றின் துகள்களை அவ்வாறு இடம் மாற்றிவிட்டு, அது பழைய ஆற்றலிலேயே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்த எளிய உண்மையிலிருந்து விளையும் சமச்சீர்மைதான் பாய்ம இயக்கவியலின் மிகப் பெரிய செல்வம். அடர்த்தியையும் என்ட்ரோபியையும் கெடுக்காமல் துகள்களின் பெயர்களைத் தங்களுக்குள் எப்படி மாற்றிக்கொண்டாலும் செயல்தொகை மாறுவதில்லை. இந்தத் துகள் மறுபெயரிடல் சமச்சீர்மை முடிவிலாப் பரிமாணம் கொண்டது. நோதர் தேற்றத்தை அதன்மீது செலுத்தினால் பாய்மத்தோடு நகரும் மூடிய வளையத்தைச் சுற்றித் திசைவேகத்தைக் கூட்டிய அளவு மாறாது என்று 1869இல் கெல்வின் நிறுவிய சுற்றோட்டத் தேற்றமும், 1942இல் எர்ட்டல் கண்ட பொட்டென்ஷியல் வொர்ட்டிசிட்டியின் (சுழிப்பையும் அடுக்கமைவையும் இணைத்த, துகளோடு பயணிக்கும் அளவின்) மாறாமையும் வெளிவருகின்றன. கெல்வினின் தேற்றத்தைத் திசைவேகச் சமன்பாட்டிலிருந்து நேரடியாக நிறுவுவதும் எளிதுதான். ஆனால் அப்படி நிறுவும்போது அது ஒரு நல்வாய்ப்பான கணக்கு விளைவாகத் தோன்றுகிறது. துகள்களின் பெயர் ஆற்றலுக்குத் தெரியாது என்பதே அதன் காரணம் என்று அறிந்தவருக்கு, எந்தத் தோராயத்தில் அது பிழைக்கும், எதில் சாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறது.

திண்மத்தில் இந்தப் பெருங்குழு சுருங்கிவிடுகிறது. பொருள் ஒருபடித்தானதாக இருந்தால் பெயர்வெளியில், அதாவது துகள்களின் பெயர்கள் அமைந்த வெளியில், எல்லாத் துகள்களையும் ஒரே அளவு நகர்த்தலாம், எல்லாத் திசைகளிலும் ஒரே பண்புடையதாக இருந்தால் பெயர்வெளியைச் சுழற்றலாம், அவ்வளவுதான். ஆனால் எஞ்சிய அந்தச் சிறு சமச்சீர்மையும் வீணாவதில்லை. பெயர்வெளி நகர்வுக்குரிய நோதர் விதியிலிருந்து வருவதே 1951இல் எஷெல்பி முன்வைத்த, மீட்சிப் புலத்தில் உள்ள குறையின் மீது செயல்படும் விசை. அதையே விரிசல் முனையைச் சுற்றிய பாதையில் கூட்டினால், 1967இல் செரெப்பனோவும் 1968இல் ரைஸும் தனித்தனியே அடைந்த, பாதையைச் சாராத ஜே-தொகையீடு, அதாவது விரிசல் நீளும்போது விடுபடும் ஆற்றலின் அளவு, கிடைக்கிறது. ஆக, சுழியைச் சுற்றிய சுற்றோட்டமும் விரிசல் முனையைச் சுற்றிய ஜே-தொகையீடும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் துகள்களின் பெயரை மாற்றுவதால் எதுவும் மாறாது என்பதன் விளைவுகளே. நோதரின் தேற்றத்தைப் பாடமாக மட்டும் படித்தபோது கிடைக்காத மகிழ்ச்சி, இந்த உறவை முதன்முறையாகக் கண்டபோது எனக்குக் கிடைத்தது. 1972இல் நோல்ஸும் ஸ்டெர்ன்பெர்க்கும் இவ்வகை விதிகளை நோதர் தேற்றத்தின் வழியே முறைப்படி வகுத்தபோது, சுழற்சிக்குரிய விதிக்கு எல்லாத் திசைகளிலும் ஒரே பண்பும் அளவு மாற்றத்துக்குரிய விதிக்கு நேர்கோட்டு மீட்சியும் தேவை என்பது தெளிவாயிற்று. வெவ்வேறு அடுக்குகள் கொண்ட பொருளில் ஜே-தொகையீட்டைக் கணக்கிட்டு, பாதைக்குப் பாதை மதிப்பு மாறுகிறதே என்று குழம்புபவர் முதலில் பார்க்க வேண்டியது நிரலில் உள்ள பிழையை அல்ல. விரிசல் ஓடும் திசையில் பொருள் ஒருபடித்தானதா என்பதைத்தான்.

பாய்மத்துக்கு மூன்று வழிகள்

பெயர்வெளியிலேயே தங்கிவிடுவது முதல் வழி. செயல்தொகையில் கூடுதல் கட்டுப்பாடு எதுவும் வேண்டியதில்லை, நிறைச் சமநிலை தானாகவே நிறைவேறும். எளிமைப்படுத்திய மாதிரிகளை உருவாக்குபவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆழமற்ற நீரின் சமன்பாடுகளை எடுத்துக்கொள்வோம். நீர் தூண் தூணாக நகர்கிறது, அதாவது கிடைத்திசை வேகம் ஆழத்துக்கு ஆழம் மாறுவதில்லை என்ற ஒரே எடுகோளைச் செயல்தொகையில் இட்டு, செங்குத்து இயக்க ஆற்றலைத் துறந்தால் ஆழமற்ற நீர்ச் சமன்பாடுகள் வருகின்றன. அதைத் துறக்காமல் வைத்திருந்தால் 1976இல் கிரீனும் நாக்டியும் தந்த, அலைகளின் சிதறலையும் விவரிக்கும் சமன்பாடுகள் வருகின்றன. இரண்டிலும் தூண்களுக்கு மறுபெயரிடும் சமச்சீர்மை கெடவில்லை. ஆகவே இரண்டுக்கும் ஆற்றலும் பொட்டென்ஷியல் வொர்ட்டிசிட்டியும் தத்தம் வடிவில் மாறாமல் நிற்கின்றன. இதை 1985இல் மைல்ஸும் சால்மனும் காட்டினர். அதே உறுப்புகளைச் சமன்பாட்டில் வரிசை வரிசையாக விரித்து வெட்டுபவர், ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் இவ்விரண்டையும் புதிதாகச் சோதிக்க வேண்டியிருக்கும்.

இந்த வழியின் விலை கணக்கீட்டில் தெரியும். பாய்மத் துகள்கள் சிறிது நேரத்திலேயே ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால், பெயரிலிருந்து இடத்துக்குச் செல்லும் படம் மிகவும் சுருண்டு, எந்த வலையாலும் பின்தொடர முடியாததாகிவிடுகிறது. 1977இல் தோன்றிய, வலை தேவையற்ற வழுவழுப்பாக்கிய துகள் முறையைச் செயல்தொகையிலிருந்து எழுதினால் உந்தமும் கோண உந்தமும் பிழையின்றிக் காக்கப்படும். ஆனால் துகள்கள் எண்ணத்தக்கவை ஆகிவிட்டதால் முடிவிலா மறுபெயரிடல் குழு வெறும் வரிசைமாற்றங்களாகச் சுருங்குகிறது, சுற்றோட்டம் தோராயமாக மட்டுமே காக்கப்படுகிறது.

இரண்டாம் வழி, இடத்தையும் காலத்தையும் மட்டும் சார்ந்த புலங்களைக் கொண்டு செயல்தொகையை எழுதுவது. இங்கே தொடக்கநிலையாளர் பலர் விழும் குழி ஒன்று உண்டு. திசைவேகத்தையும் அடர்த்தியையும் தனித்தனி மாறிகளாகக் கொண்டு, நிறைச் சமநிலையை லக்ராஞ்சு பெருக்கி (கட்டுப்பாட்டைச் செயல்தொகையில் சேர்க்கும் துணை மாறி) ஒன்றால் கட்டி, எங்கும் ஒரே என்ட்ரோபி கொண்ட பாய்மத்தில் மாறுபாட்டைச் செய்தால், திசைவேகம் அந்தப் பெருக்கியின் சரிவாகவே வந்து நிற்கும்; அதாவது சுழற்சியற்ற ஓட்டங்கள் மட்டுமே கிடைக்கும். சுழிகள் காணாமல் போனது இயற்கையின் விதியால் அல்ல, ஒப்பிட அனுமதித்த இயக்கங்களை நாம் குறுக்கிவிட்டதால். துகள்கள் தங்கள் பெயரோடு பயணிக்கின்றன என்பதையும் கட்டுப்பாடாகச் சேர்க்க வேண்டும் என்று 1963இல் சி. சி. லின் எடுத்துரைத்தது இக்குறையைத் தீர்த்தது. அதன் விளைவாக வரும் திசைவேக வடிவமோ புதிதல்ல: ஒரு சரிவு, அதனுடன் ஓர் அளவை மற்றோர் அளவின் சரிவால் பெருக்கியது என்ற அதே வடிவத்தைக் கிளெப்ஷ் 1859ஆம் ஆண்டிலேயே பயன்படுத்தியிருந்தார்.

கிளெப்ஷ் மாறிகளின் கவர்ச்சி, சமன்பாடுகள் ஹாமில்டனின் எளிய இணை வடிவத்தில் அமைந்துவிடுவது. அவற்றின் குறை அவ்வளவு எளிதில் கண்ணில் படுவதில்லை. ஒரே இணை கிளெப்ஷ் மாறிகள் இடமெங்கும் ஒற்றை மதிப்புடையவையாக இருந்தால், சுழிக்கோடுகள் அவ்விரு மாறிகளின் சமமதிப்புப் பரப்புகள் வெட்டிக்கொள்ளும் கோடுகளாகிவிடுகின்றன. திசைவேகத்தையும் சுழிப்பையும் பெருக்கிக் கூட்டிப் பெறும் ஹெலிசிட்டி, சுழிக்கோடுகள் எல்லையைத் துளைக்காத ஓட்டத்தில் சுழியமாகிறது. ஹெலிசிட்டி என்பது சுழிக்குழாய்கள் ஒன்றோடொன்று எவ்வளவு கோத்துக்கொண்டிருக்கின்றன என்பதன் அளவு என்று 1969இல் மொஃபாட் காட்டியிருக்கிறார். ஆகவே முடிச்சிட்ட அல்லது சங்கிலிபோல் கோத்த சுழிகளை ஆராய்பவர் ஒரே இணையைத் தேர்ந்தால், தாம் தேடும் பொருளையே கணக்கிலிருந்து நீக்கிவிட்டுத் தேடுகிறவர் ஆவார். சுழற்சியற்ற மேற்பரப்பு அலைகளுக்கு இந்தத் தடை இல்லை. அங்கே 1967இல் லூக் தந்த தத்துவம், நீருக்குள் அழுத்தத்தைக் கூட்டி, மேற்பரப்பின் உயரத்தையும் சேர்த்து மாற்றுவதன் மூலம், உட்பகுதிச் சமன்பாட்டையும் அடித்தள நிபந்தனையையும் மேற்பரப்பின் இரு நிபந்தனைகளையும் ஒரே வீச்சில் தந்துவிடுகிறது. அடுத்த ஆண்டே சகாரோவ், மேற்பரப்பின் உயரமும் அங்குள்ள திசைவேகப் பொட்டென்ஷியலும் (தன் சரிவாகத் திசைவேகத்தைத் தரும் சார்பும்) ஹாமில்டன் இணைகள் என்று காட்டினார். அலைகளுக்கு இவற்றை விட்டு வேறொன்றைத் தேட வேண்டிய காரணம் எனக்குத் தென்படவில்லை.

மூன்றாம் வழி, செயல்தொகையை ஒதுக்கிவிட்டு ஆற்றலையும், அதிலிருந்து ஒவ்வொரு கணியத்தின் கால மாற்றத்தையும் தரும் பாய்சான் அடைப்பையும் கொண்டு எழுதுவது. பெயர்வெளி அமைப்பிலிருந்து பெயர்களை நீக்கிக் குறுக்கினால் எஞ்சும் அடைப்பு, பழக்கமான இணை வடிவத்தில் இராது. ஆனால் திசைவேகம், அடர்த்தி, என்ட்ரோபி ஆகிய அளக்கத்தக்க புலங்களிலேயே நேரடியாக இயங்கும். செயற்கைப் பெருக்கிகள் தேவையில்லை. 1980இல் மாரிசனும் கிரீனும் காந்தப் பாய்மத்துக்கும் சேர்த்து இதை எழுதினர். மறைந்துபோன மறுபெயரிடல் சமச்சீர்மை இங்கே காசிமிர் கணியங்கள் என்ற வடிவில் தங்குகிறது. இவை ஆற்றல் எதுவாக இருந்தாலும் மாறாதவை. நிலைப்புத்தன்மையை ஆராய்பவருக்கு இதுவே உரிய வழி. மீட்சித் திண்மத்தின் சமநிலை நிலைப்பானதா என்று அறிய நிலை ஆற்றலின் இரண்டாம் மாறுபாட்டைப் பார்த்தால் போதும். நிலையாக ஓடிக்கொண்டிருக்கும் பாய்மத்தில் ஆற்றலின் முதல் மாறுபாடே சுழியமாக இராது. தகுந்த காசிமிர் ஒன்றை ஆற்றலோடு கூட்டினால் அது சுழியமாகிறது, பிறகு இரண்டாம் மாறுபாட்டின் குறியைப் பார்க்கலாம். 1960களின் நடுவில் அர்னோல்ட் சமதள ஓட்டங்களுக்குக் காட்டிய முறையின் கரு இதுதான். எச்சரிக்கை ஒன்று மட்டும்: அடைப்பை அலைக்கூறுகளாக விரித்து இடையில் வெட்டினால் அடைப்பு நிறைவேற்ற வேண்டிய ஜாக்கோபி முற்றொருமை பெரும்பாலும் உடைந்துவிடும். அலைக்கூறுகளுக்கிடையிலான எண்களைச் சைன் சார்பால் திருத்தி, இரு திசைகளிலும் ஒரே வடிவில் திரும்பத் திரும்ப வரும் சமதள ஓட்டத்துக்கு அதைக் காப்பாற்றியது 1991இல் ஜெயிட்லின் தந்த வெட்டு. மற்ற ஓட்டங்களுக்கு அவ்வளவு நேர்த்தியான தீர்வு எளிதில் அமைவதில்லை. சுழிப்பின் வர்க்கத்தையும் ஆற்றலையும் மட்டும் காத்தால் போதும் என்பவருக்கு 1966இல் அரகாவா தந்த வலை வாய்பாடு இன்றும் நிறைவானது.

திண்மத்துக்கு: இடப்பெயர்ச்சியா, தகைவா, இரண்டுமா

சிறு உருமாற்ற மீட்சியியலில் இத்தேர்வு மிகத் தூய்மையானது. இடப்பெயர்ச்சியை மாறியாகக் கொண்டு நிலை ஆற்றலைச் சிறுமமாக்கலாம். சமநிலையை நிறைவேற்றும் தகைவுகளை மாறியாகக் கொண்டு நிரப்பு ஆற்றலை (தகைவுகளில் எழுதிய இணையான ஆற்றலை) சிறுமமாக்கலாம். பொருளைச் சிறு துண்டுகளாக (எலிமென்ட்டுகளாக) வெட்டிக் கணக்கிடும் ஃபைனைட் எலிமென்ட் நிரல்களில் பெரும்பான்மை முதல் வழியில் நடக்கின்றன. எலிமென்ட்டுகள் பொருந்தும் முகங்களில் இடப்பெயர்ச்சியைத் தொடர்ச்சியாக வைப்பது எளிது, தகைவைச் சமநிலையோடு வைப்பது கடினம். ஆனால் பளு மட்டும் கொடுக்கப்பட்ட சிக்கலில் முதல் வழி திரிபாற்றலை உண்மைக்குக் கீழேயும் இரண்டாம் வழி மேலேயும் மதிப்பிடுகின்றன என்பதால், இரண்டையும் செய்தவருக்கு உண்மை எந்த இடைவெளிக்குள் இருக்கிறது என்பது உறுதியாகத் தெரியும். 1947இல் பிராகரும் சிங்கும் இந்த இருபக்க மதிப்பீட்டுக்கு அழகான வடிவியல் விளக்கம் தந்தனர். பாதுகாப்பு முக்கியமான கட்டமைப்பில் இந்த உறுதிக்காக இரட்டை உழைப்பைச் செலவிடுவது தகும் என்றே நான் கருதுகிறேன். பெரிய உருமாற்றங்களில் இந்தச் சமநிலை குலைகிறது. சுழற்சியால் ஆற்றல் மாறக் கூடாது என்ற சமச்சீர்மையும் ஆற்றல் சார்பு முழுமையாகக் குவிந்திருக்க வேண்டும் என்ற கோரிக்கையும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஆகவே நிரப்பு ஆற்றலின் சிறுமத் தன்மை போய்விடுகிறது, தகைவிலிருந்து திரிபுக்குத் திரும்பும் வழியும் ஒன்றாக இருப்பதில்லை. 1977இல் பால் முன்வைத்த, குவிவைவிடத் தளர்ந்த பல்குவிவு நிபந்தனை இடப்பெயர்ச்சி வழிக்குத்தான் கைகொடுக்கிறது. எனவே பெரிய உருமாற்றத்துக்கு இடப்பெயர்ச்சி வழியைத் தேர்க.

அதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. கன அளவு மாறாத பொருளை நோக்கிப் பாய்சான் விகிதம் (நீட்டும்போது பக்கவாட்டில் சுருங்கும் விகிதம்) 0.5ஐ நெருங்கும்போது, கன அளவுக் குணகம் (கன அளவை மாற்றுவதை எதிர்க்கும் விறைப்பு) யங் குணகத்தைப் போல் 0.49க்கு ஏறத்தாழ 16.7 மடங்காகவும் 0.4999க்கு ஏறத்தாழ 1667 மடங்காகவும் ஏறிவிடுகிறது. எளிய எலிமென்ட்டுகள் இந்தக் கட்டுப்பாட்டை ஒவ்வொரு புள்ளியிலும் நிறைவேற்ற முயன்று அசைவற்று இறுகிவிடும். அப்போது அழுத்தத்தைத் தனி மாறியாக்கிய கலப்புத் தத்துவத்துக்குச் செல்ல வேண்டும். ஹெல்லிங்கர் 1914இலும் ரைஸ்னர் 1950இலும் இடப்பெயர்ச்சியையும் தகைவையும் ஒன்றாக மாற்றும் வடிவத்தைத் தந்தனர். ஹூவும் வாஷிசுவும் 1955இல் திரிபையும் தனி மாறியாக்கினர். சுருங்காத பாய்மத்தின் அழுத்தமும் சுருங்காத இரப்பரின் அழுத்தமும் ஒரே கட்டுப்பாட்டின் ஒரே பெருக்கி என்பது இவ்விடத்தில் வெளிப்படையாகத் தெரியும். இழப்பு என்னவென்றால், சிறுமம், ஒரு திசையில் சிறுமமும் மறுதிசையில் பெருமமுமான சேணப் புள்ளியாகிவிடுகிறது. மேல் கீழ் மதிப்பீடுகள் போய்விடுகின்றன. அழுத்தத்துக்கும் இடப்பெயர்ச்சிக்கும் தேர்ந்த சார்புகள் 1970களின் முதற்பாதியில் பபுஷ்காவும் பிரெஸ்ஸியும் வகுத்த நிபந்தனைக்கு உட்படாவிட்டால், சதுரங்கக் கட்டம்போல் ஏறி இறங்கும் போலி அழுத்தங்கள் தோன்றும். சாதாரண உலோகத்துக்கு இந்தச் சிக்கலை விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ஆற்றலே இல்லாத இடங்கள்

மாறுபாட்டுத் தத்துவத்தின் மீது பற்றுள்ளவர்கள் தவறாமல் கவனிக்க வேண்டிய எடுத்துக்காட்டு, 1952இல் பெக் ஆராய்ந்த தூண். ஒரு முனை பொருத்தப்பட்டு மறுமுனை கட்டின்றி நிற்கும் தூணின் உச்சியில் எப்போதும் கீழ்நோக்கியே அழுத்தும் பளுவை வைத்தால், நெளிவு விறைப்பை நீளத்தின் வர்க்கத்தால் வகுத்த அளவைப்போல் 2.47 மடங்குப் பளுவில் அது வளைந்துவிடும். நிலை ஆற்றல் இதைச் சரியாகச் சொல்லும். பளுவோ தூண் சாயும்போது தானும் சாய்ந்து, அச்சின் திசையிலேயே தொடர்ந்து அழுத்துமானால் அதற்கு நிலை ஆற்றல் கிடையாது. நிலைச் சமநிலையை மட்டும் சோதித்தால் தூண் எந்தப் பளுவிலும் வளையாது என்ற தவறான விடை வருகிறது. இயக்கச் சமன்பாட்டைத் தீர்த்தால் அதே அளவைப்போல் 20.05 மடங்குப் பளுவில் தூண் வளரும் அதிர்வில் சிக்குகிறது. ஆற்றல் முறையைத் தேர்வதற்கு முன், ஒவ்வொரு பளுவுக்கும் நிலை ஆற்றல் உண்டா என்று சரிபார்ப்பது சம்பிரதாயச் சடங்கு அல்ல என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டாம்.

பாகியல் உள்ள ஓட்டத்திலும் இதே எல்லை உண்டு. மிக மெதுவான ஓட்டத்தில் ஆற்றல் விரயம் சிறுமமாகிறது என்று 1868இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் காட்டினார். ஆனால் திசைவேகம் தன்னையே சுமந்து செல்லும் உறுப்பைச் சேர்த்தவுடன் அந்தத் தத்துவம் நிற்பதில்லை: அந்த உறுப்பை நேர்கோட்டாக்கினால் கிடைக்கும் செயலி சமச்சீரானதல்ல, சமச்சீரற்ற செயலி எந்த எண்சார்பின் இரண்டாம் மாறுபாடாகவும் இருக்க முடியாது. மாறிகளை இரட்டிப்பாக்கி, கண்ணாடி பிம்பம்போன்ற துணைப் புலம் ஒன்றைச் சேர்த்து எந்தச் சமன்பாட்டையும் மாறுபாட்டு வடிவில் எழுதிவிடலாம். வடிவமைப்பை மேம்படுத்தும் கணக்குகளில் அந்தத் துணைப் புலம் பெரிதும் பயன்படும். ஆனால் அதிலிருந்து வரும் மாறாக் கணியங்கள் பாய்மத்தையும் பிம்பத்தையும் சேர்த்துப் பேசுபவை என்பதால், பாய்மத்தைப் பற்றி மட்டும் அறிய விரும்புபவருக்கு அவை கொடுப்பது குறைவு. இவ்வகைச் சிக்கல்களுக்கு மெய்நிகர் வேலைத் தத்துவத்தில் (கற்பனையான சிறு இடப்பெயர்ச்சியில் எல்லா விசைகளும் செய்யும் மொத்த வேலை சுழியம் என்பதில்) நின்றுவிடுவதே நேர்மை. அதற்கு ஆற்றல் சார்பு தேவையில்லை. சமச்சீர்மை தரும் உந்தச் சமநிலைகளும் விடுபடுவதில்லை.

காலத்தைத் துண்டாக்கும் முறையிலும் ஒரு தேர்வு காத்திருக்கிறது. செயல்தொகையையே துண்டாக்கி அதிலிருந்து எழுதிய முறையில் உந்தங்கள் பிழையின்றிக் காக்கப்படும். ஆற்றல் சிறிய வரம்புக்குள் ஏறி இறங்குமே தவிர, நீண்ட நேரத்தில் ஒரே பக்கமாக விலகிச் செல்லாது. ஆற்றலையும் உந்தத்தையும் பிழையின்றிக் காக்கும் முறைகளும் உண்டு. ஆனால் மாறாத கால அளவில் ஆற்றல், உந்தம், ஹாமில்டன் வடிவியல் அமைப்பு மூன்றையும் ஒருசேரக் காக்க முயல்வது பொதுவாகக் கைகூடாது என்று 1988இல் கேவும் மார்ஸ்டனும் காட்டினர். நீண்ட நேர அதிர்வின் புள்ளியியல் வேண்டுவோர் முதலாவதைத் தேர்க. பெரிய சுழற்சியும் விறைப்பான அதிர்வும் கலந்த மெல்லிய தகடுகளில் கணக்கு வெடித்துச் சிதறாமல் இருப்பதே முதன்மை என்போர் இரண்டாவதைத் தேர்க.

பாய்மமும் திண்மமும் ஒரே சிக்கலில் சேரும்போது, நெகிழும் குழாய்க்குள் ஓடும் நீரைப் போல, இத்தேர்வுகள் எல்லாம் ஒருங்கே வந்து நிற்கின்றன. இரண்டையும் பெயர்வெளியில் ஒரே செயல்தொகையாக எழுதி, பாய்மத்தின் பகுதியை மட்டும் அதன் மறுபெயரிடல் சமச்சீர்மையால் குறுக்கி இடப் புலங்களுக்கு மாற்றுமாறு பரிந்துரைப்பேன். திண்மத்துக்கு அந்தச் சமச்சீர்மை இல்லாததால் அதன் பகுதி பெயர்வெளியிலேயே இருக்க வேண்டும். இரண்டும் சந்திக்கும் பரப்பில் மாறுபாடுகளின் செங்குத்துக் கூறு சமம் என்று மட்டும் கோரினால், திண்மத்தின் தகைவு பாய்மத்தின் அழுத்தத்தோடு சமமாக வேண்டும் என்ற நிபந்தனை தானாக வந்துவிடுகிறது. அதைத் தனியே எழுதிச் சேர்த்து, இரு நிரல்களுக்கும் இடையில் ஆற்றல் கசியும் இடத்தை உண்டாக்க வேண்டியதில்லை. நீரில் பாகியலைச் சேர்க்க நேர்ந்தால் தொடுகோட்டுக் கூறும் சமம் என்று கோரி, விரயத்தை மெய்நிகர் வேலையாக அந்த ஒரே சமன்பாட்டின் வலப்பக்கத்தில் இட வேண்டும்.